பக்க வடிவமைப்புக் கணினி திணறுகிறதா? நினைவகத்தையும் தற்காலிக இடத்தையும் ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குத் தவணை கேட்க முடியாது. அந்தியேட்டியன்று காலையில் புத்தகம் வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேக மலர், பாடசாலைச் சஞ்சிகை எல்லாவற்றுக்கும் நாள் குறித்தால் குறித்ததுதான். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் சிறிய அறைகளில் இருந்துகொண்டு இந்த வேலைகளைச் செய்பவர்களுக்கு, கணினி மணிக்கணக்கில் உறைந்து நிற்பது வெறும் எரிச்சல் அல்ல. கொடுத்த வாக்கு தவறுவது. அப்படி நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் தீர்ப்பு, "ராம் போதாது", அதாவது கணினியின் நினைவகம் போதாது. உடனே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளுக்கு ஒரு நடை. பல தடவை பணம் போகிறது, திணறல் போவதில்லை.

காரணம் எளிது. போட்டோஷொப், இன்டிசைன், கோரல் ட்ரோ போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் ராமில் மட்டும் வேலை செய்வதில்லை. ராம் கொள்ளாததை டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பாக எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கின்றன. அந்த இடம் நிரம்பியிருந்தாலோ, மந்தமான டிஸ்க்கில் இருந்தாலோ, எவ்வளவு ராம் போட்டும் பெரிய கோப்பில் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே முதலில் பார்ப்பது, பிறகு துப்புரவாக்குவது, பிறகு இடம் மாற்றுவது, வாங்குவது கடைசியில் என்ற ஒழுங்கில் போவோம்.

படி 1: ஒரு படம் உண்மையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்குப் பாருங்கள்

டிஸ்க்கில் தெரியும் கோப்பின் அளவை நம்பக் கூடாது. கைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் ஜேபெக்காக வரும்போது 3, 4 எம்பி இருக்கும். அதைப் போட்டோஷொப்பில் திறந்ததும் 4000 × 3000 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று சுமார் 34 எம்பியாக விரிகிறது. அச்சுக்காக நான்கு வண்ண முறைக்கு மாற்றினால் 46 எம்பி ஆகிறது. இது ஒரே ஒரு அடுக்கு மட்டும் இருக்கும்போது.

ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), நான்கு வண்ணத்தில், 2480 × 3508 புள்ளிகள். ஒரு அடுக்குக்கு 33 எம்பி. அதில் பத்து முழு அடுக்குகள் போட்டு, ஒவ்வொன்றையும் மங்கலாக்கி, நிறம் திருத்தி, பின்னோக்கிச் செல்லும் வசதிக்காக மென்பொருள் பழைய நிலைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டால் ஒற்றைப் பக்கமே ஜிபி கணக்கில் போய்விடும்.

இனிப் பதாகை. 10 அடிக்கு 4 அடி பதாகையை 300 டிபிஐயில் தொடங்கினால் 36,000 × 14,400 புள்ளிகள். ஒரு அடுக்கே ஏறக்குறைய 2 ஜிபி. போட்டோஷொப்பின் சாதாரண பிஎஸ்டி கோப்பு நீளத்திலோ அகலத்திலோ 30,000 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. எனவே அந்த வடிவில் இதைச் சேமிக்கவும் முடியாது. அதே பதாகையை 100 டிபிஐயில் செய்தால் 220 எம்பி, ஒன்பதில் ஒரு பங்கு. வீதியின் மறுபக்கத்தில் நின்று படிக்கப்போகும் பதாகைக்கு 100 தாராளமாகப் போதும். ஆடிவேல் பதாகையில் கணினி உறைந்து நின்றதாக யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ராம் எவ்வளவு என்றல்ல, எத்தனை டிபிஐ என்றுதான்.

படி 2: கணினியைப் பாருங்கள்

வேலை திணறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மூன்றை மட்டும் கவனியுங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல் ஏறி நின்று, டிஸ்க்கும் 100 சதவீதத்தில் நின்றால், ராம் நிரம்பி டிஸ்க்குக்கு வழிகிறது என்று பொருள். மெமரி பாதியில் இருக்க, டிஸ்க் மட்டும் 100இல் நின்றால் கோளாறு ராமில் இல்லை. இரண்டும் சும்மா இருக்க, சிபியு மட்டும் உச்சத்தில் நின்றால் மென்பொருள் எதையோ கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது, பொறுத்திருங்கள், அணைக்காதீர்கள்.

அதே திரையில் இன்னொன்றும் தெரியும், அதைப் பலர் பார்ப்பதில்லை. "டிஸ்க் 0" என்பதற்கு அருகில் அடைப்புக்குள் சி, டி என்று இரண்டு எழுத்துகளும் இருந்தால், உங்கள் சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகள். டி தனியாக "டிஸ்க் 1" என்று இருந்தால்தான் அது வேறு டிஸ்க். படி 4இல் இது பெரிய வித்தியாசத்தைத் தரும்.

மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லொட், அதில் எத்தனை பாவனையில் என்றும் எழுதியிருக்கும். குறித்து வையுங்கள்.

பிறகு ப்ராசஸஸ் பகுதிக்குப் போய் மெமரி என்ற தலைப்பின் மேல் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். அதிகம் பிடிப்பவை மேலே வரும். வடிவமைப்பு மென்பொருளுக்கு மேலே பிரவுசரும் வாட்ஸ்அப்பும் உட்கார்ந்திருப்பதை நம் கடைகளில் எங்கும் காணலாம். வாடிக்கையாளர்கள் படங்களை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள், அதை மூட முடியாது. ஆனால் இருபது தாவல்கள் திறந்த பிரவுசரை மூடலாம். 8 ஜிபி கணினியில் அது ஒன்றே பெரிய நிவாரணம்.

படி 3: துப்புரவு

இங்கே அவசரம் கூடாது. தற்காலிகக் கோப்பு எல்லாம் குப்பை அல்ல. அவற்றில் சில, மின்சாரம் போனபோது நீங்கள் சேமிக்காமல் விட்ட வேலையின் ஒரே பிரதி.

இன்டிசைன் தன் மீட்புத் தரவை இன்டிசைன் ரிக்கவரி என்ற கோப்புறையில் வைத்திருக்கிறது. கணினி திடீரென அணைந்தால், மீண்டும் இயக்கியதும் முதலில் இன்டிசைனைத் திறவுங்கள். மீட்ட ஆவணம் தானாக வரும். அதை உடனே சேவ் அஸ் கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். மீட்கும்போதே இன்டிசைன் மறுபடி மறுபடி மூடிக்கொண்டால் அந்தக் கோப்புறையை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறவுங்கள். கோரல் ட்ரோவின் தன்னியக்கப் பிரதிகள், நீங்கள் வேறு கோப்புறையைக் காட்டியிருக்காவிட்டால், பயனரின் தற்காலிகக் கோப்புறையிலேயே இருக்கக்கூடும். மூல ஆவணம் சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை அங்கே எதையும் தொடாதீர்கள்.

மீட்பு முடிந்தபின் எல்லா மென்பொருளையும் மூடுங்கள். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் சதவீதக் குறி, ஆங்கிலத்தில் டெம்ப், மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். தற்காலிகக் கோப்புறை திறக்கும். அளவுப்படி அடுக்கிப் பாருங்கள். போட்டோஷொப் டெம்ப் என்று தொடங்கி இலக்கங்களில் முடியும் பெரிய கோப்புகள் இருக்கலாம். போட்டோஷொப் ஒழுங்காக மூடப்பட்டால் அவை தானாக அழிந்துவிடும். திடீரென நின்றால் அப்படியே தங்கிவிடும். போட்டோஷொப் மூடியிருக்கும்போது இவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். பாவனையில் உள்ள கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது; "ஸ்கிப்" கொடுத்துத் தாண்டிப் போங்கள்.

செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் விண்டோஸே அழிக்கக்கூடியவற்றைப் பட்டியலிடும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒன்று இருக்கும். அதில் குறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இறக்கிய படங்கள் நம் கடைகளில் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். இறந்தவரின் ஒரே பழைய படத்தை ஸ்கேன் செய்து அனுப்பிய குடும்பத்திடம் "மறுபடி அனுப்புங்கள்" என்று கேட்கும் நிலை வேண்டாம்.

எழுத்துருக்களையும் இத்துடன் பாருங்கள். பாமினி போன்ற பழைய தமிழ் வகைகள், பழைய சிங்கள வகைகள், ஆங்கிலத் தொகுப்புகள் என்று நூற்றுக்கணக்கில் நிறுவி வைத்திருந்தால் ஒவ்வொரு மென்பொருளும் திறக்கும்போது அவற்றையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் எழும். மும்மொழி வேலை செய்பவர்களுக்கும் அன்றாடம் தேவைப்படுபவை கொஞ்சம்தான். மற்றவற்றை ஒரு கோப்புறையில் பத்திரமாக வைத்து, கேட்கும்போது நிறுவிக்கொள்ளலாம்.

படி 4: தற்காலிக இடத்தைச் சரியான டிஸ்க்கில் வையுங்கள்

நல்ல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று நொடிக்கு 500 எம்பி அளவில் எழுதும், வாசிக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாக எழுதும்போது 100 முதல் 150 எம்பி; துண்டு துண்டாக எழுதும்போது அதைவிட மிகக் குறைவு. யுஎஸ்பி 2 வழியாக இணைத்த எதுவும் கோட்பாட்டளவிலேயே நொடிக்கு 60 எம்பியைத் தாண்டாது. எனவே பென் டிரைவையோ பழைய வெளி டிஸ்க்கையோ ஸ்க்ராட்ச் டிஸ்க்காக, அதாவது மென்பொருள் தற்காலிகக் கோப்புகளை எழுதும் டிஸ்க்காக, காட்டக் கூடாது.

உங்களிடம் ஒரே ஓர் எஸ்எஸ்டி இருந்தால், சி டிரைவிலேயே எல்லாம் இருக்கட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது வெறுமையாக வையுங்கள். முடிந்த வேலைகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றுவதுதான் அதற்கு வழி. எஸ்எஸ்டி ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று என்று இருந்தால், ஸ்க்ராட்ச் எஸ்எஸ்டியில், முடிந்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்கில். பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். "சி நிரம்பக் கூடாது" என்று ஸ்க்ராட்ச்சை மந்தமான டி டிரைவுக்கு அனுப்பிவிட்டு, பழைய மலர்களின் கோப்புகளை சி டிரைவின் டெஸ்க்டொப்பில் குவித்திருப்பார்கள். இரண்டு எஸ்எஸ்டி இருந்தால் விண்டோஸ் ஒன்றில், ஸ்க்ராட்ச் மற்றதில். இதுவே சிறந்த ஏற்பாடு. ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகளுக்கு இடையே ஸ்க்ராட்ச்சை மாற்றுவதால் வேகம் கூடாது, இடம் மட்டும் கிடைக்கலாம்.

விண்டோஸின் மெய்நிகர் நினைவகம், அதாவது ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம், பற்றி ஒரு வார்த்தை. அதை அணைத்தால் கணினி வேகமாகும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அணைத்த கணினியில் ராம் நிரம்பியதும் மென்பொருள் முன்னறிவிப்பின்றி மூடிக்கொள்ளும். விண்டோஸே அளவைத் தீர்மானிக்கும்படி விடுவதே நல்லது. சி டிரைவில் உண்மையிலேயே இடமில்லாவிட்டால் மட்டும் வேறொரு எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

படி 5: மென்பொருள் வாரியாக

போட்டோஷொப்பில் எடிட், பிரிஃபரன்ஸஸ், பெர்ஃபோமன்ஸ் என்று போங்கள். ராமில் எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவு வழக்கமாக 70 சதவீதத்தில் இருக்கும். 8 ஜிபி கணினியில் போட்டோஷொப்பும் இன்டிசைனும் ஒன்றாக ஓடுமென்றால் அதை 55, 60க்குக் குறையுங்கள்; இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று நெரிக்கும். 16 ஜிபியில் போட்டோஷொப் மட்டும் ஓடும் கணினி என்றால் ஐந்து ஐந்தாகக் கூட்டி 80 வரை போகலாம். 100 ஒருபோதும் வேண்டாம். விண்டோஸுக்கும் மூச்சு வேண்டும். ஹிஸ்டரி ஸ்டேட்ஸ், அதாவது பின்னோக்கிச் செல்லக்கூடிய படிகளின் எண்ணிக்கை, வழக்கமாக 50. பதாகை, முழுப்பக்கப் படம் போன்றவற்றில் 20 போதும். முழுப் படத்தையும் மாற்றும் ஒவ்வொரு செயலும் படத்தின் இன்னொரு முழுப் பிரதியைத் தற்காலிக இடத்தில் சேர்க்கும் என்பதை நினைவில் வைத்தால் இந்த இலக்கத்தின் எடை புரியும்.

ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் பகுதியில் வேகமான டிஸ்க்கைக் குறியிட்டு மேலே நகர்த்துங்கள். ஸ்க்ராட்ச் நிரம்பியதால் போட்டோஷொப் திறக்கவே மறுத்தால், திறக்கும்போதே கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திப் பிடியுங்கள். டிஸ்க்கை மாற்றும் பெட்டி வரும். வேலை நடுவில் இடம் முட்டினால் எடிட் பட்டியலில் பர்ஜ், ஓல் கொடுங்கள், சேர்த்து வைத்த பழைய நிலைகள் அழிந்து இடம் கிடைக்கும். ஆனால் அதற்குமுன் சேமித்துவிடுங்கள். பர்ஜ் செய்தபின் பின்னோக்கிப் போக முடியாது.

மாற்றங்கள் பலன் தந்தனவா என்று அறிய, படச் சாளரத்தின் அடியில் இடப்பக்கம் உள்ள அம்புக்குறியைத் தொட்டு எஃபிஷியன்சி என்பதைத் தெரிவு செய்யுங்கள். 100 சதவீதம் என்றால் வேலை முழுவதும் ராமில் நடக்கிறது. 80, 70 என்று இறங்கி அங்கேயே நின்றால் டிஸ்க்குக்கு வழிகிறது. ராம் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த ஒரு எண் சொல்லும் பதிலை எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது. ஒரு வாரம் இதைக் கவனித்த பிறகு முடிவெடுங்கள்.

இன்டிசைனில் ஸ்க்ராட்ச் டிஸ்க் தெரிவு இல்லை. பிரிஃபரன்ஸஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் மீட்புத் தரவு எந்தக் கோப்புறையில் என்பதை மட்டும் மாற்றலாம். இடமுள்ள, வேகமான டிஸ்க்கைக் காட்டுங்கள். படங்கள் நிறைந்த மலரில் டிஸ்ப்ளே பெர்ஃபோமன்ஸை டிபிகலில் வையுங்கள், ஹை குவாலிட்டியில் முழு நேரமும் வேலை செய்யத் தேவையில்லை. பல நாட்கள் தொடர்ந்து சேவ் கொடுத்த ஆவணம் உள்ளே வீங்கிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை சேவ் அஸ் கொடுத்துப் புதிய பெயரில் சேமித்தால் இளைக்கும். பழைய பிரதியும் கையில் இருக்கும்.

கோரல் ட்ரோவில் தன்னியக்கப் பிரதி எங்கே என்பதை முதலில் மாற்றுங்கள். தற்காலிகக் கோப்புறையை விட்டு, நீங்கள் பெயரிட்ட ஒரு கோப்புறைக்கு. பின்னோக்கிச் செல்லும் அளவைக் குறையுங்கள். நிழல், ஒளிபுகு விளைவுகளை அடுக்கடுக்காகப் போட்ட அழைப்பிதழ்தான் இதில் அதிகம் திணறும். இறுதி வடிவம் உறுதியானதும் அந்தப் பகுதியை மட்டும் 300 டிபிஐ படமாக மாற்றலாம், மூலத்தை வேறு கோப்பில் வைத்துக்கொண்டு.

இலஸ்ட்ரேட்டரில் பிளக்-இன்ஸ் அண்ட் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் என்ற பகுதியில் முதல், இரண்டாம் டிஸ்க்கைக் காட்டினால் போதும்.

பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2001இல் வந்த 7.0 பதிப்பில் பாமினியில் தட்டச்சு செய்த நூல்களை வைத்திருப்பவர்கள் அதை எளிதில் விட முடியாது. அது 32 பிட் மென்பொருள். கணினியில் 32 ஜிபி ராம் இருந்தாலும் 2 ஜிபிக்கு மேல் அதற்குப் பயனில்லை. அதன் பிரிஃபரன்ஸஸில் சேமிக்கும் முறைக்கு ஃபாஸ்டர், ஸ்மாலர் என்று இரண்டு உண்டு. ஸ்மாலரை வைத்தால் கோப்பு வீங்காது. படங்களை ஆவணத்துக்குள் சேமிக்கவா என்று அது கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லி, இணைப்பாக மட்டும் வையுங்கள். பக்கம் மாறும்போதெல்லாம் அது சிறு சேமிப்பு ஒன்றைத் தானாகச் செய்யும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரிவேர்ட் கொடுத்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம்.

படி 6: படத்தை அளவாக்கிவிட்டுப் பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள்

எனக்கு இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஒரு கும்பாபிஷேக மலரை எடுத்துக்கொள்வோம். ஆசியுரை, வாழ்த்துரை, அறங்காவலர்கள், உபயகாரர்கள் என்று 60 பேரின் கடவுச்சீட்டு அளவுப் படங்கள். ஒவ்வொருவரும் கைபேசியிலிருந்து முழு அளவில் அனுப்புகிறார்கள். நான்கு வண்ணத்துக்கு மாற்றினால் படமொன்று 46 எம்பி. அறுபதும் சேர்ந்து 2.7 ஜிபி. பக்கத்தில் ஒவ்வொன்றும் பிடிக்கப்போவதோ 35 × 45 மில்லிமீற்றர். 300 டிபிஐயில் அதற்கு 413 × 531 புள்ளிகள் போதும், 1 எம்பிகூட இல்லை. அறுபதும் சேர்ந்து 50 எம்பி. அச்சில் வித்தியாசம் எள்ளளவும் தெரியாது.

போட்டோஷொப்பில் முதல் படத்தை வெட்டி, அளவு மாற்றி, வண்ண முறை மாற்றிச் சேமிப்பதை ஓர் ஆக்‌ஷனாகப் பதிவு செய்யுங்கள். பிறகு ஃபைல், ஓட்டோமேட், பாட்ச் வழியாகக் கோப்புறை முழுவதற்கும் ஓடவிடுங்கள். முகம் நடுவில் இல்லாத படங்களைக் கையால்தான் வெட்ட வேண்டும். மூலப் படங்களை வேறு கோப்புறையில் தொடாமல் வையுங்கள். அட்டைக்கு அதே படத்தைப் பெரிதாகக் கேட்பவர்கள் கட்டாயம் வருவார்கள்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவிலிருந்து நேரே எதையும் திறந்து வேலை செய்யாதீர்கள். முதலில் உங்கள் டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். பேசி முடித்துவிட்டு அவர் அதை உருவிக்கொண்டு போனால் இணைப்புகள் அத்தனையும் அறுந்துவிடும்.

படி 7: அச்சுக்கு அனுப்பும்போது

வடிவமைப்பு மென்பொருளிலிருந்து நேரே பிரின்டருக்கு அனுப்பினால், படங்கள் நிறைந்த மலரின் எல்லாப் பக்கங்களும் சி டிரைவில் வரிசைக் கோப்பாக விரியும். முதலில் பிடிஎஃப் எடுத்து, அதிலிருந்து அச்சிடுங்கள். பிடிஎஃப் எக்ஸ்-1ஏ வகை ஒளிபுகு விளைவுகளைத் தட்டையாக்குவதால் எடுக்கும்போதே நினைவகத்தை விழுங்கும். எக்ஸ்-4 அப்படிச் செய்யாது. எது வேண்டும் என்பதை அச்சகம்தான் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு எடுங்கள்.

அச்சு வரிசை சிக்கிக்கொண்டால், விண்டோஸின் சேர்விசஸ் பட்டியலில் அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று போய் உள்ளிருப்பவற்றை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள்.

படி 8: மின்சாரம்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் இருண்டது. வழக்கமான நாளிலும் ஒரு நொடித் துண்டிப்பு போதும், திறந்திருந்த தற்காலிகக் கோப்புகள் அனாதையாகிவிட. யுபிஎஸ் (மின்சாரம் போனதும் பற்றரியில் கணினியை ஓட்டும் பெட்டி) இல்லாத வடிவமைப்புக் கணினி என்னைப் பொறுத்தவரை முழுமையான கணினி அல்ல. அதன் வேலை தொடர்ந்து ஓட்டுவது என்று நினைக்காதீர்கள். சேமித்து, மூடி, ஒழுங்காக அணைக்கும் சில நிமிடங்களைத் தருவதுதான். பற்றரி பழசானால் அந்த நிமிடங்களும் இல்லை. வேலை இல்லாத நேரத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்துச் சோதியுங்கள். போட்டோஷொப்பின் தன்னியக்கச் சேமிப்பு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, 5 ஆக்கிக்கொள்ளுங்கள்.

படி 9: வாங்குவதென்றால்

இவ்வளவும் செய்த பிறகும் எஃபிஷியன்சி கீழேயே நின்றால் வாங்குங்கள். இன்னும் சுழலும் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறது என்றால் முதற்செலவு எஸ்எஸ்டி. அது இருந்தால், 8 ஜிபியை 16 ஆக்குவது அடுத்தது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. எது என்று தெரியாவிட்டால் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு ஸ்லொட்டிலும் ஒரே அளவான இரண்டைப் போடுவது பெரும்பாலும் ஒரே பெரியதைப் போடுவதைவிட வேகம் தரும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண். முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள். மாறும் நாளுக்கு முன்பே பேஜ்மேக்கர் கோப்புகள், எழுத்துருக்கள், நடக்கும் வேலைகள் மூன்றையும் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அவை இன்னொரு கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.